மேசைக்குக் கீழே பாருங்கள்

முதலாம் ஆண்டு வகுப்பை எட்டிப் பார்க்கும் பெற்றோரின் கண் மேசைமேல்தான் போகும். நோட்டைத் திறந்திருக்கிறானா, பென்சில் ஓடுகிறதா, பலகையைப் பார்க்கிறானா என்று தேடுவார்கள். என் கண் மேசைக்குக் கீழே போகும். அங்கே ஒருவன் தன் கால்கள் இரண்டையும் நாற்காலிக் காலில் இறுகப் பின்னி வைத்திருப்பான். ஒருத்தி ஒரு காலை மடித்து அதன்மேல் உட்கார்ந்திருப்பாள். இன்னொருவன் பாதி நின்றும் பாதி உட்கார்ந்தும் வயிற்றை மேசை விளிம்பில் சாய்த்திருப்பான். கடைசி வரிசையில் இருப்பவளின் தலையை அவளுடைய இடது கை தாங்கிக்கொண்டிருக்கும். அந்தக் கையை எடுக்கச் சொன்னால் தலை மேசைக்கு வந்துவிடும்.

இவர்களைச் சேட்டைக்காரர்கள் என்றும் சோம்பேறிகள் என்றும் சொல்லிவிடுவது சுலபம். உண்மையில் அவர்கள் விழாமல் இருக்கப் பாடுபடுகிறார்கள். முதுகும் வயிறும் அரை மணி நேரம் உடம்பைத் தூக்கிப் பிடிக்கும் பலத்தை இன்னும் பெறவில்லை. அதனால் காலையும் கையையும் மேசையையும் முட்டுக் கொடுக்கிறார்கள். "ஒழுங்கா உட்காரு" என்று அதட்டினால் உட்காருவார்கள். ஆனால் அந்தப் பிள்ளையின் கவனம் முழுவதும் உட்காருவதிலேயே கரைந்து போகும். பலகையில் எழுதியிருக்கும் ழகரத்துக்கு மிச்சம் எதுவும் இருக்காது.

ஜொகூர் மாநிலத் தமிழ்ப்பள்ளிகளில் முதலில் முதலாம் ஆண்டும் பிறகு பாலர் வகுப்பும் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். எழுத்து கற்றுக் கொடுக்கத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். அந்த எழுத்துக்குப் பிள்ளையின் உடம்பைத் தயார் செய்வதும் அதே வேலையின் பாதி என்பதை வகுப்பறைதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

அசையாமல் உட்கார்ந்திருப்பது நமக்குச் சும்மா இருப்பதாகத் தெரிகிறது. உடம்புக்கு அது பெரிய வேலை. உட்செவியில், ஒலியைக் கேட்கும் உறுப்புக்குப் பக்கத்திலேயே, திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலையைத் திருப்பினாலும் சுழற்றினாலும் அந்தத் திரவம் அசைந்து மூளைக்குத் தகவல் கொடுக்கிறது. அந்தத் தகவலை வைத்துத்தான் கழுத்து நிமிர்கிறது, கண் ஓரிடத்தில் நிலைக்கிறது. தசைகளிலும் மூட்டுகளிலும் இன்னோர் உணர்வு இருக்கிறது. கை எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது என்பதைக் கண்ணால் பார்க்காமலே சொல்லும் உணர்வு அது. அது தெளிவாக வளராத பிள்ளை தாள் கிழியும் அளவுக்குப் பென்சிலை அழுத்துவான், இல்லையென்றால் எழுதியது தெரியாதபடி தடவுவான். வரிசையில் நிற்கும்போது முன்னால் இருப்பவன்மேல் மோதுவான். "டீச்சர், இவன் தள்ளுறான்" என்று புகார் வரும். தள்ள வேண்டும் என்று அவன் நினைத்திருக்கவே மாட்டான்.

இந்த உணர்வுகளுக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பை விரிவாக எழுதிய முன்னோடி கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஜீன் ஏயர்ஸ். தொழில்வழிச் சிகிச்சையாளரான அவருடைய நூல் 1972இல் வந்தது. கற்பதில் திணறும் குழந்தைகளுக்கு ஊஞ்சல், சறுக்குப் பலகை, உருளும் பீப்பாய் என்று அவர் வகுத்த முறைகள்தான் இன்று மருத்துவமனைகளின் சிகிச்சை அறைகளில் நாம் பார்க்கும் பல சாமான்களுக்கு மூலம்.

பிறந்த குழந்தையிடம் சில அனிச்சை அசைவுகள் இருக்கும். முகத்தை ஒரு பக்கம் திருப்பினால் அந்தப் பக்கத்துக் கை தானாக நீளும், எதிர்ப்பக்கத்துக் கை மடங்கும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் இது அடங்கிவிடும். குப்புற விழுவதும் புரள்வதும் தவழ்வதும்தான் அதை அடக்கும் பயிற்சி என்பது இத்துறையினர் பலரின் கருத்து. சில குழந்தைகளிடம் அதன் சாயல் தங்கிவிடுகிறது. வலது கையால் எழுதத் தலையை வலப்பக்கம் திருப்பும் ஒவ்வொரு முறையும் கை நீளப் பார்த்தால், அந்தப் பிள்ளைக்கு எழுதுவது எவ்வளவு களைப்பு தரும் என்று நினைத்துப் பாருங்கள்.

நம் இலக்கியத்தில் பிள்ளைத்தமிழ் என்று ஒரு வகை உண்டு. பாட்டுடைத் தலைவனையோ தலைவியையோ குழந்தையாக வைத்துப் பத்துப் பருவங்களாகப் பாடுவது. அந்தப் பருவங்களை ஒரு பாலர் பள்ளி ஆசிரியையின் கண்ணோடு பார்த்தால் எனக்குச் சிலிர்க்கும். செங்கீரைப் பருவத்தில் குழந்தை ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கைகளையும் தரையில் ஊன்றித் தலையை நிமிர்த்தி அசைகிறது. கழுத்துக்கும் முதுகுக்கும் தோளுக்கும் அதைவிடச் சிறந்த முதல் பயிற்சியை எந்தச் சிகிச்சையாளரும் சொல்ல முடியாது. சப்பாணியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நடுவில் சேர்த்துக் கொட்டுகிறது. வருகையில் நடந்து வருகிறது. சிற்றிலில் மணல் வீட்டைக் கலைக்கிறது, சிறுபறையில் கோல் பிடித்து அடிக்கிறது, சிறுதேரில் கயிறு பிடித்து இழுக்கிறது. பெண் குழந்தைக்குக் கழங்கும் அம்மானையும் ஊசலும் வருகின்றன. கல்லைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பதும் ஊஞ்சல் ஆடுவதும் குழந்தை வளர்ச்சியின் கட்டங்கள் என்று நம் புலவர்கள் ஒரு வரிசையே வைத்திருந்தார்கள். எழுதும் பருவம் என்று அந்தப் பத்தில் எதுவும் இல்லை.

நான் வளர்ந்தது குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அம்மா பால்மரம் வெட்ட விடியுமுன் கிளம்பிவிடுவார். எங்களை ஆயாக்கொட்டகையில் விடுவார்கள். அங்கே விளையாட்டுச் சாமான் எதுவும் கிடையாது. சிமெண்டுத் தரை, நாலைந்து ஏணை, வெளியே மண். புரண்டோம், தவழ்ந்தோம், வாய்க்காலைத் தாண்டினோம், ரப்பர் கொட்டை பொறுக்கினோம், தண்ணீர் வாளியை இரண்டு பேராகத் தூக்கி வந்தோம். தோட்ட வாழ்க்கையைப் புகழ எனக்கு மனம் வராது. வறுமையும் காய்ச்சலும் பாதியில் நின்ற படிப்பும் அங்கே இருந்தன. ஆனால் பள்ளிக்குப் போன முதல் நாளில் எங்கள் தோளிலும் விரலிலும் போதுமான பலம் இருந்தது.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்துச் சனம் ஸ்கூடாய், மாசாய், கூலாய், உலு திராம் என்று 'தாமான்' எனப்படும் வீடமைப்புப் பகுதிகளுக்கு வந்தது. பள்ளிகள்கூட இடம் பெயர்ந்தன. இன்றும் பெயரில் 'லாடாங்' என்று தோட்டத்தைச் சுமந்துகொண்டு வீடமைப்புப் பகுதியின் நடுவில் நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் எங்கள் மாநிலத்தில் உண்டு. வரிசை வீட்டில் குழந்தை ஓட இருக்கும் இடம் கார் நிறுத்தும் முன்வாசல் மட்டும். ஜொகூர் பாருவில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. அப்பாவும் அம்மாவும் சிங்கப்பூரில் வேலை. எல்லைப் பாலத்தில் நெரிசல் ஏறுவதற்கு முன் கடக்க வேண்டும் என்று விடியற்காலை நாலு, ஐந்து மணிக்கே மோட்டார் சைக்கிளில் கிளம்புகிறார்கள். தூங்கும் குழந்தையைப் பாட்டி வீட்டிலோ பராமரிப்பாளர் வீட்டிலோ விட்டுவிட்டுப் போகிறார்கள். மூட்டு வலியோடு இருக்கும் பாட்டி ஓடியாடும் பேரனைத் துரத்திப் பிடிக்க முடியாது. கையில் போனைக் கொடுத்தால் அவன் உட்கார்ந்துவிடுவான். அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சிங்கப்பூர் வெள்ளியின் மதிப்பும் வீட்டுக் கடனும் எனக்கும் தெரியும்.

2019இல் பிறந்த பிள்ளைகளை நினைத்தால் மனம் கனக்கும். அவர்கள் நடை பழகும் வயதில், 2020 மார்ச் 18 அன்று, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. தாமான் பூங்காவின் சறுக்குமரத்தில் நாடா கட்டிவிட்டார்கள். ஓட வேண்டிய மாதங்களில் அவர்களுக்குக் கிடைத்தது ஒரு கூடமும் ஒரு திரையும்தான்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வழிகாட்டி வெளியிட்டது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் 180 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாட வேண்டும், உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. தவழத் தொடங்காத கைக்குழந்தையைக்கூட, விழித்திருக்கும் நேரத்தில் பல தடவையாக மொத்தம் 30 நிமிடம் குப்புறப் படுக்க வைக்கச் சொல்கிறது. நம் வீடுகளில் கைக்குழந்தை பெரும்பாலும் ஸ்பிரிங் தொட்டிலில் இருக்கும், அல்லது நடைவண்டியில் இருக்கும். நான் சொல்வது சக்கரம் வைத்த, குழந்தையை நடுவில் உட்கார வைக்கும் நடைவண்டி. அது நடையைச் சீக்கிரம் கொண்டு வரும் என்று வாங்குகிறார்கள். ஆய்வுகள் தலைகீழாகச் சொல்கின்றன: அதில் இருந்த குழந்தைகள் உட்காரவும் தவழவும் நடக்கவும் தாமதித்தார்கள். படியில் உருண்டு விழும் ஆபத்து வேறு. கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. வீட்டில் இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுத் தரையில் ஒரு பாயை விரியுங்கள் என்பேன்.

இனி, பாலர் வகுப்பில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். வகுப்புக்கு அதிகபட்சம் 25 பிள்ளைகள், ஓர் ஆசிரியை, ஓர் உதவியாளர். எங்கள் தேசியப் பாலர் பள்ளிப் பாடத்திட்டத்தில் உடல், அழகியல் வளர்ச்சிக்கு என்று ஒரு தூணே இருந்தது. ஆகவே காலையில் கால் மணி நேரம் இதற்கு எடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

பையை வைத்ததும் முதல் வேலை சுவரைத் தள்ளுவது. இரண்டு உள்ளங்கைகளையும் சுவரில் பதித்து, ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால் வைத்து, பத்து எண்ணும்வரை வகுப்பறையைப் பெரிதாக்க வேண்டும் என்று சொல்வேன். மூட்டுகளுக்குள் அழுத்தம் இறங்கும். வேனில் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளைகூட இதன் பிறகு கொஞ்சம் நிதானப்படுவான். பள்ளி வேன் நெரிசலில் வந்தவர்களுக்கு இதைவிட நல்ல காலை வணக்கம் எனக்குத் தெரியாது.

அடுத்தது விலங்கு நடை. கரடி நடையில் முழங்கால் தரையில் படாமல் கையாலும் பாதத்தாலும் நடக்க வேண்டும். நண்டு நடையில் வயிறு வானத்தைப் பார்க்க, கைகளைப் பின்னால் ஊன்றிப் போக வேண்டும். தவளை, வாத்து, புழு என்று தினம் ஒன்று. ஒரு முறை பொந்தியான் பக்கம் தஞ்சோங் பியாய் பூங்காவுக்குப் போய் வந்தோம். ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி அது. அங்கே சதுப்புச் சேற்றில் பெலாச்சாக் மீன்கள் முன் துடுப்புகளை ஊன்றி உடம்பை இழுத்துக்கொண்டு போவதைப் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். திரும்பி வந்ததும் அவர்களே 'பெலாச்சாக் நடை' கண்டுபிடித்துவிட்டார்கள்: குப்புறப் படுத்து, காலைத் தளர விட்டு, முழங்கையால் மட்டும் முன்னேறுவது. தோளுக்கும் கழுத்துக்கும் முதுகுக்கும் அது கடுமையான வேலை. நான் சொல்லியிருந்தால் பாதிப் பேர் முனகியிருப்பார்கள். அவர்களே உண்டாக்கியதால் போட்டி போட்டார்கள்.

கரடி நடையில் கையும் காலும் மாறி மாறிப் போகின்றன. உடம்பின் இடப்பாதியும் வலப்பாதியும் சேர்ந்து வேலை செய்யக் கற்கின்றன. ஆறு வயதிலும் தாளின் இடப்பக்கத்தை இடது கையாலும் நடுக்கோட்டைத் தாண்டியதும் வலது கையாலும் வண்ணம் தீட்டும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். உடம்பின் நடுக்கோட்டைக் கை தாண்ட மறுக்கிறது. இப்படிப்பட்டவர்களுக்குக் கோலாட்டமும் கும்மியும் அருமருந்து. என் குச்சி உன் குச்சியை எதிர்ப்பக்கத்தில் போய்த் தட்டும்போது நடுக்கோட்டைக் கடக்கிறோம், தாளத்துக்குக் காத்திருக்கிறோம், எதிரே நிற்பவரின் கண்ணைப் பார்க்கிறோம். பொங்கல் விழா மேடைக்காக மட்டும் இரண்டு வாரம் பழக்கிவிட்டுக் குச்சிகளை அலமாரியில் பூட்டி வைப்பது எனக்கு வருத்தமாக இருக்கும். வாரம் ஒரு முறை வெறும் பத்து நிமிடம் வெளியே எடுத்தால் போதும்.

தரையில் நாடா ஒட்டிக் கோடு போடுவோம். குதிகாலும் விரலும் தொட நடப்பது, பின்னோக்கி நடப்பது, தலையில் பயற்றுப்பை வைத்து நடப்பது. பழைய சேலைத் துணியில் பச்சைப்பயறு நிரப்பித் தைத்த பைகள் அவை. சிறிதாகத் தைத்தால் ஐந்தாங்கல் ஆடலாம். மலாய்க்காரப் பிள்ளைகள் 'பத்து சிரம்பான்' என்று ஆடுவதும் அதைத்தான். ஒன்றை மேலே போட்டு, கீழே கிடப்பதை அள்ளி, விழுவதைப் பிடிப்பதற்குள் கண், கை, நேரக் கணக்கு மூன்றும் ஒன்றாக ஓடியாக வேண்டும்.

பிறகு 'எதிர் ஆட்டம்'. தலை என்று சொன்னால் பாதத்தைத் தொட வேண்டும், பாதம் என்றால் தலையை. தோள் என்றால் முழங்கால். கேட்டதைச் செய்யத் துடிக்கும் உடம்பை ஒரு கணம் நிறுத்தி, யோசித்து, மாற்றிச் செய்ய வேண்டும். அமெரிக்காவில் ஒரேகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேகன் மக்லெலண்டும் அவருடைய குழுவினரும் இதே மாதிரி ஓர் ஆட்டத்தைப் பள்ளித் தயார்நிலையை அளக்கும் சோதனையாகவே வைத்திருக்கிறார்கள். 300க்கும் மேற்பட்ட பாலர் வயதுக் குழந்தைகளிடம் அவர்கள் செய்த ஆய்வு 2007இல் வந்தது. இந்த ஆட்டத்தில் உடம்பை அடக்கத் தெரிந்த பிள்ளைகள் எழுத்தறிவிலும் சொல்வளத்திலும் கணக்கிலும் முன்னே நின்றார்கள். வகுப்பில் பதிலைக் கத்தாமல் கையைத் தூக்கிக் காத்திருப்பதும் இதே திறமைதான்.

விரல்களுக்கு எனக்குப் பிடித்தது கோலம். அரிசி மாவைக் கட்டைவிரலும் மற்ற இரு விரல்களும் சேர்த்துக் கிள்ளும்போது அமைவது அப்படியே பென்சில் பிடி. குந்தி உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து, ஒரு கையை ஊன்றிப் புள்ளியைச் சுற்றிக் கோட்டை இழுக்கும்போது இடுப்பு, தோள், மணிக்கட்டு எல்லாம் வேலை செய்கின்றன. நம் பிள்ளைகளுக்கு இது கூடுதலாகத் தேவை என்பேன். தமிழ்ப்பள்ளிக்குப் போகும் ஏழு வயதுப் பிள்ளை முதலாம் ஆண்டிலேயே மூன்று மொழி எழுதுகிறது. மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் ரூமி எனப்படும் ரோமன் எழுத்து. அதில் நேர்கோடும் அரைவட்டமும் அதிகம். தமிழில் அகரமும் ஐகாரமும் ஞகரமும் ணகரமும் சுழிந்து வளைந்து திரும்புகின்றன. 'கெ' என்ற எழுத்தில் ககரத்துக்குப் பின்னால் ஒலிக்கும் கொம்பை முன்னால் போட வேண்டும். 'கொ' என்றால் இரண்டு பக்கமும் போட வேண்டும். தன் உடம்பின் இடது வலதே பிடிபடாத பிள்ளை தாளின் இடது வலதில் தடுமாறுவதை வருடம்தோறும் பார்த்திருக்கிறேன்.

ஸ்கூடாய்ப் பகுதியிலிருந்து வந்த ஒரு பையனை மறக்க முடியாது. பெற்றோர் சிங்கப்பூரில் வேலை, பாட்டியிடம் வளர்ந்தவன். ஏ பி சி முழுக்கச் சொல்வான், நூறுவரை எண்ணுவான், போனில் கற்றது. இரண்டு காலையும் சேர்த்துக் குதிக்க வராது. பென்சிலை முஷ்டியில் பிடிப்பான். ஒரு நாள் பாட்டி வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்னாம்மா டீச்சர், படிக்க அனுப்புனா பிள்ளைய தவழ வுடுறீங்களே?"

"படிப்புக்குத்தாம்மா விடுறேன். வீட்ல சப்பாத்தி மாவு பிசையும்போது அவனுக்கும் ஒரு உருண்டை கொடுங்க" என்றேன்.

கொடுத்தார். துணி காயப்போடும்போது கிளிப் எடுத்துத் தரச் சொன்னார், கீரை ஆயச் சொன்னார். அந்த அம்மாள் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த உதவியாளர். ஆண்டுக் கடைசியில் பையன் மூன்று விரலில் பென்சில் பிடித்தான், தன் பெயரைக் கோட்டுக்குள் எழுதினான். அவன் வகுப்பில் முதலாவதாக வந்தான் என்றெல்லாம் கதை கிடையாது. உட்கார்ந்து எழுத முடிந்தது. அதற்கு மேல் கற்றது அவனுடைய உழைப்பு.

இந்த எல்லையை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உடற்பயிற்சியால் மூளையைத் திறக்கிறோம் என்று விலை வைத்து விற்கும் வகுப்புகள் பெருகியிருக்கின்றன. 1980களில் கலிஃபோர்னியாவில் பால் டென்னிசனும் கெயில் டென்னிசனும் 'பிரெயின் ஜிம்' என்ற முறையைப் பரப்பினார்கள். அதில் சில அசைவுகள் நல்ல அசைவுகள்தான். ஆனால் காறையெலும்புக்குக் கீழே தேய்த்தால் மூளைக்கு ரத்தம் கூடும் என்பது போன்ற விளக்கங்களுக்கு ஆதாரம் இல்லை. 2008இல் பிரிட்டனின் நரம்பியல், உடலியங்கியல் அறிவியல் சங்கங்கள் இதை எச்சரித்துக் கல்வி அதிகாரிகளுக்குக் கடிதமே எழுதின.

நம் தோப்புக்கரணத்துக்கும் இது நடந்திருக்கிறது. பிலிப்பைன்ஸைச் சேர்ந்த சோவா கோக் சுயி அதை 'சூப்பர் பிரெயின் யோகா' என்று உலகமெங்கும் கொண்டு போனார். காதுமடலைப் பிடித்தால் இட வல மூளைகள் தூண்டப்படும் என்கிறார்கள். அந்தக் கூற்றை நம்ப எனக்குப் போதிய ஆதாரம் தெரியவில்லை. ஆனால் கைகளை மார்புக்குக் குறுக்கே கொண்டு போய், முதுகு நிமிர, மூச்சோடு உட்கார்ந்து எழுவது தொடைக்கும் இடுப்புக்கும் சமநிலைக்கும் நல்ல பயிற்சி. பிள்ளையார் முன்னால் சிரித்துக்கொண்டே பிள்ளைகள் போடுவதை நான் ரசிப்பேன். அதையே 'கெத்துக் கெத்தாம்பி' என்று பள்ளிகளில் தண்டனையாகக் கொடுப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. உடம்பை அசைப்பது அவமானம் என்று ஏழு வயதில் கற்றுக் கொடுத்தால் அந்தப் பிள்ளை எப்போது திரும்ப விளையாட வரும்?

ஆதாரம் உள்ளவற்றைச் சொல்கிறேன். பெல்ஃபாஸ்ட் நகரில் மார்ட்டின் மக்ஃபிலிப்ஸும் குழுவினரும், வாசிக்கத் திணறிய 60 குழந்தைகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மட்டும் ஆரம்ப அனிச்சை அசைவுகளை ஒத்த மெதுவான பயிற்சிகளை ஓராண்டு கொடுத்தார்கள். அந்தக் குழுவில் அனிச்சையின் மிச்சமும் குறைந்தது, வாசிப்பும் கூடியது. லான்செட் மருத்துவ இதழில் 2000இல் வந்த ஆய்வு அது. 60 பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்பதையும் சொல்ல வேண்டும். 2010இல் டேவிட் கிரிஸ்மரும் உடன் ஆய்வாளர்களும் பல்லாயிரம் குழந்தைகளின் நீண்டகாலத் தரவுகளை அலசினார்கள். பள்ளியில் சேரும்போது இருக்கும் விரல் திறன், பின்னாளைய கணக்கையும் வாசிப்பையும் முன்கூட்டிக் காட்டுகிறது என்று கண்டார்கள். இலினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹில்மன் 2009இல் காட்டியது இன்னும் எளிது: ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள் 20 நிமிடம் நடந்துவிட்டு வந்தால் அடுத்து வரும் வேலையில் கவனம் கூடுகிறது.

அப்படியிருக்க, வீட்டுப்பாடம் முடிக்காத பிள்ளையின் ஓய்வு நேரத்தைப் பறித்து உள்ளே உட்கார வைக்கும் வழக்கம் ஏன் இன்னும் இருக்கிறது? உடற்கல்வி வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். அதையும் கணக்குப் பாடத்துக்குக் கடன் வாங்குகிறார்கள். அசையாமல் இருக்க முடியாதவனுக்கு அசையும் நேரத்தைக் குறைத்தால் மதியம் அவன் இன்னும் மோசமாக நெளிவான். என் சக ஆசிரியர்களிடம் இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். திடல் ஈரம், மழை, புகைமூட்டம் என்றால் நடைக்கூடத்தில் சுவரைத் தள்ளச் சொல்லுங்கள். அதற்கு எந்தச் சாமானும் வேண்டாம்.

இரவு எட்டு மணிக்குப் பாலத்தைக் கடந்து களைத்து வரும் பெற்றோருக்கும் ஒன்று சொல்கிறேன். பயிற்சி நூல் வாங்கி அந்த நேரத்தில் எழுத வைக்காதீர்கள். பிள்ளையைப் போர்வையில் சுருட்டி மெத்தையில் உருட்டுங்கள். காலைப் பிடித்துக்கொண்டு கையால் நடக்க விடுங்கள். அரிசி மூட்டையை உங்களோடு சேர்ந்து சமையலறைவரை இழுக்கச் சொல்லுங்கள். கடைக்குப் போனால் படியை அவன் ஏறட்டும், பையில் ஒரு பக்கத்தை அவன் தூக்கட்டும். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், நீங்களும் சிரிப்பீர்கள்.

இதையெல்லாம் செய்தும் சில பிள்ளைகளுக்குப் பிடிபடாது. ஏறக்குறைய 100 பேரில் ஐந்தாறு பேருக்கு இயக்க ஒருங்கிணைப்புக் குறைபாடு இருக்கிறது. அப்படிப் பார்த்தால் 25 பேர் உள்ள ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவராவது இருக்கக்கூடும். ஆறு வயதாகியும் ஒரு காலில் சில விநாடிகூட நிற்க முடியவில்லை, பெரிய பந்தைப் பிடிக்க முடியவில்லை, சட்டைப் பொத்தான் போட வரவில்லை, ஊஞ்சலைக் கண்டாலே அழுகிறான், எழுதினால் கை வலிக்கிறது என்கிறான் என்றால் "வளர்ந்தா சரியாகிடும்" என்று காத்திருக்க வேண்டாம். முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள். பிறகு பக்கத்து அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் டாக்டரைப் பார்த்து, 'பெமுலிஹான் சாராகெர்ஜா' பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். தொழில்வழிச் சிகிச்சைக்கு அரசாங்க மருத்துவமனைகளில் உள்ள பெயர் அது. ஆசிரியர் கவனித்ததை ஒரு தாளில் எழுதி வாங்கிப் போங்கள்: எப்படி உட்காருகிறான், எந்தக் கையால் எழுதுகிறான், எத்தனை வரியில் களைத்துப் போகிறான் என்று. கூடவே அவனுடைய எழுத்து நோட்டையும் எடுத்துப் போங்கள். சிகிச்சையாளர் கேட்கும் முதல் கேள்விகள் பெரும்பாலும் அவற்றைப் பற்றியதாகவே இருக்கும்.